பார்சலில் வரும் அடைமுட்டைகள்: வாங்குவதிலிருந்து குஞ்சு இறங்கும் வரை

பக்கத்துச் சந்தையில் கிடைக்காத கோழி இனத்தை வளர்க்க விரும்புகிறவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வளர்ந்த கோழியாக வாங்கலாம், ஒருநாள் குஞ்சாக வாங்கலாம், அல்லது முட்டையாக வரவழைத்து வீட்டு இன்குபேட்டரில் பொரிக்க வைக்கலாம். மூன்றிலும் விலை குறைந்தது முட்டைதான். ஏமாற்றம் மிகுந்ததும் அதுவே. சிறுவிடை, பெருவிடை, அசில், கடக்நாத், வான்கோழி, கினிக்கோழி என எதை வேண்டுமானாலும் கைப்பேசியில் பேசி, பணம் அனுப்பி, ஓர் இரவுப் பேருந்தில் வரவழைத்துவிட முடிகிறது. ஆனால் வந்த பெட்டியைப் பிரித்த கையோடு முட்டைகளை இயந்திரத்தில் அடுக்கி, 21 நாள் காத்திருந்து, இரண்டோ மூன்றோ குஞ்சுகளைக் கண்டவர்கள் இயந்திரத்தின்மேல் பழி போடுகிறார்கள். என் முதல் பெட்டிக்கும் அதுதான் நேர்ந்தது: சித்திரை மாதத்தில் வந்த 18 முட்டைகளை ஒரு மணி நேரத்துக்குள் உருளைத் தட்டில் ஏற்றினேன், இரண்டே குஞ்சுகள் இறங்கின. அதே இயந்திரத்தில் வீட்டுக் கோழியின் முட்டைகள் அதற்கு முந்தைய மாதம் நன்றாகவே பொரித்திருந்தன.

பார்சல் முட்டையில் ஏற்படும் இழப்பின் பெரும்பகுதி, முட்டை இயந்திரத்துக்குள் போவதற்கு முந்தைய நாட்களிலும், போன பிறகு வரும் முதல் மூன்று நாட்களிலுமே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது என்பதைப் பிறகே புரிந்துகொண்டேன். ஆகவே இந்தக் கட்டுரை அந்த நாட்களைப் பற்றியே அதிகம் பேசும்.

எத்தனை முட்டை வாங்குவது?

வீட்டில் இட்ட புதிய முட்டைகளில் பத்துக்கு எட்டு பொரிப்பது இயல்பு. தொலைவிலிருந்து வந்த முட்டைகளில் பாதி பொரித்தால் அது நல்ல பலன். மூன்றில் ஒன்று பொரித்தாலும் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே முடிவு செய்யக் கூடாது. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். பன்னிரண்டு முட்டை வாங்கினால் ஆறு குஞ்சு, அதில் மூன்று பெட்டை. அவற்றிலும் ஒன்று பருந்துக்கோ கீரிக்கோ போகலாம். ஐந்தாறு பெட்டைகள் கொண்ட சிறு மந்தை வேண்டுமென்றால் 24 முட்டைகளுக்குக் குறைவாக வாங்குவதில் பொருளில்லை. முடிந்தால் அவற்றை ஒருவரிடமே வாங்காமல் இருவரிடம் வாங்குவது நல்லது. ஒரே சேவலின் வாரிசுகளை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டிய நிலை வராது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, முட்டைகள் எப்போது இட்டவை என்பது. இட்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் அடைக்கு வைக்கப்படும் முட்டை நன்றாகப் பொரிக்கும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பொரிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். பயணத்துக்கு ஒரு நாள், ஓய்வுக்கு ஒரு நாள் என்று இரண்டு நாட்கள் கழிந்துவிடுவதால், அனுப்பும் அன்று நான்கு நாட்களுக்கு மேற்பட்ட முட்டை பெட்டியில் இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதி அனுப்பச் சொல்லலாம். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

இரண்டாவது, சேவலைப் பற்றியது. பொதுவாக எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். அசில் போன்ற கனத்த இனங்களுக்கு அதைவிடக் குறைவான பெட்டைகளையே ஒரு சேவலிடம் விட வேண்டும். அதைவிட முக்கியமானது, இந்தச் சேவலும் இந்தப் பெட்டைகளும் எத்தனை நாட்களாகத் தனிக் கொட்டிலில் இருக்கின்றன என்பதே. சேவலோடு ஒருமுறை கூடிய பெட்டை அதன் விந்தை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொண்டு, சேவலைப் பிரித்த பிறகும் இரண்டு வாரம் வரை, சில வேளைகளில் மூன்று வாரம் வரை, கருவுள்ள முட்டைகளை இடும். கலப்பு மந்தையில் திரிந்த பெட்டைகளை நேற்றுத்தான் பிரித்து அடைத்தவர், இன்று எடுத்த முட்டையைத் தூய இனம் என்று நம்பியே விற்கக்கூடும். அது பழைய சேவலின் குஞ்சாகவும் பிறக்கக்கூடும். குறைந்தது மூன்று வாரம் பிரித்து வைத்த மந்தையா என்று கேளுங்கள்.

மூன்றாவது, முட்டைகள் எங்கே வைக்கப்பட்டிருந்தன, கழுவப்பட்டனவா என்பது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் 4, 5 டிகிரிக் குளிர், பொரிக்க வேண்டிய முட்டைக்கு மிக அதிகம். சேமிக்க ஏற்றது 15 முதல் 18 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் அது ஏ.சி. அறையில்கூட முழுமையாகக் கிடைக்காது என்பதால், குளிர்ந்த உள்ளறையில் ஈர மணற்பானைமீது வைத்து, விரைவில் அனுப்பிவிடுவதே விற்பவர்களால் இயன்றது. கழுவிய முட்டையை வாங்காதீர்கள். ஓட்டின்மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் மெல்லிய பூச்சு, ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே கிருமி நுழைவதைத் தடுக்கிறது. கழுவினால் அந்தக் காப்பு போய்விடும். இலேசான எச்சக்கறை இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், அழுக்கு அப்பிய முட்டையை ஒதுக்கிவிட வேண்டும்.

கருவுள்ளதா என்பதற்கு விற்பவர் தரும் வாய்மொழி உறுதியைவிட எளிய சான்று ஒன்று உண்டு. அதே நாள் எடுத்த முட்டைகளில் ஒன்றை உடைத்துத் தட்டில் ஊற்றி, மஞ்சள் கருவின் மேற்புறத்தை அருகில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கருவற்ற முட்டையில் ஒழுங்கற்ற விளிம்புடைய சிறிய வெண்புள்ளி மட்டும் தெரியும். கருவுள்ளதில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில், நடுவில் தெளிந்து, சுற்றிலும் வளையமிட்ட வட்டம் தெரியும். ஒரு முட்டை எல்லா முட்டைகளுக்கும் சான்றாகாது. ஆனால் படம் அனுப்ப மறுக்கிறவரைப் பற்றி அந்த மறுப்பே ஓரளவு சொல்லிவிடும்.

இனத்தைப் பற்றிச் சில எச்சரிக்கைகளும் தேவை. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாப் பகுதியைச் சேர்ந்த கடக்நாத் கோழியின் தோலும் இறைச்சியும் கருமையானவை. அதன் இறைச்சிக்கு 2018ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதன் முட்டை கருப்பல்ல, வெளிர் பழுப்பு நிறமே. கருப்பு முட்டையின் படத்தைக் காட்டிக் கடக்நாத் என்று விற்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அதேபோல, கடையில் விற்கும் நாமக்கல் பண்ணை முட்டைகள் சேவலே இல்லாத கூண்டுகளில் இடப்படுபவை என்பதால், அவற்றை எந்த இயந்திரத்தில் வைத்தாலும் குஞ்சு வராது. சிறுவிடைக் கோழியின் முட்டை சிறியது, பெரும்பாலும் 40 கிராமுக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும். சிறுவிடை என்று சொல்லி 60 கிராம் முட்டை வந்தால் சந்தேகம் கொள்வதில் தவறில்லை.

பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் பாதிக்கப்பட்ட பகுதியிலிருந்து முட்டை வரவழைக்காதீர்கள். கேரளத்தில் நோய் தென்படும்போது தமிழக எல்லைச் சோதனைச் சாவடிகளில் கோழியும் முட்டையும் ஏற்றிய வண்டிகளைத் திருப்பி அனுப்புவது வழக்கம். பெட்டி நடுவழியில் நின்றால் பணத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

எந்தக் காலத்தில், எந்த வண்டியில், எப்படிக் கட்டி

கோழி முட்டை இடப்படும்போதே அதற்குள் கரு வளரத் தொடங்கியிருக்கும். தாயின் உடற்சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் இருந்துவிட்டு வெளியே வந்த கரு, குளிர்ந்ததும் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. வெப்பம் 27 டிகிரியைத் தாண்டிவிட்டால் அது மீண்டும் அரைகுறையாக வளரத் தொடங்கும். அடைக்கு வேண்டிய முழுச் சூடும் கிடைக்காமல், முழு ஓய்வும் கிடைக்காமல் நலிந்து, பிறகு சாகும். தமிழ்நாட்டில் பங்குனி முதல் ஆனி வரை பகலில் அனுப்பப்படும் முட்டைகளுக்கு நேர்வது இதுவே. கார்த்திகையிலிருந்து மாசி வரையிலான மாதங்களே பார்சல் முட்டைக்கு உகந்தவை. கோடையில்தான் வாங்கியாக வேண்டுமென்றால் இரவில் புறப்பட்டு விடியுமுன் சேரும் வண்டியாகப் பாருங்கள்.

மூன்று நான்கு கிடங்குகளில் இறக்கி ஏற்றப்படும் கூரியரைவிட, நேரடியாக வரும் பேருந்துப் பார்சல் பெரும்பாலும் நல்லது. ஒரே ஏற்றம், ஒரே இறக்கம் என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் பேருந்தின் பின்புறச் சரக்கறை இன்ஜினின் சூட்டை வாங்கும் என்பதால், பெட்டியை முன்பக்கச் சரக்கறையில் வைக்கச் சொல்லி அனுப்புபவர் கேட்டுக்கொள்ள வேண்டும். வார இறுதியிலோ பண்டிகைக்கு முந்தைய நாளிலோ அனுப்பச் சொல்லாதீர்கள். அலுவலகம் பூட்டியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தகரக் கூரையின் கீழ் பெட்டி கிடக்க நேரிடும்.

பெட்டி கட்டும் முறையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முட்டையும் தனித்தனியே குமிழ்த்தாளில் சுற்றப்பட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தப்பட்டு, இடைவெளிகளில் உமி அல்லது காகிதச் சுருள் அடைக்கப்பட்டு, அந்தப் பெட்டி இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைக்கப்பட வேண்டும். முட்டை அளவுக்குக் குழி வெட்டிய ஃபோம் தட்டு கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. ஈரமான மரத்தூளில் புதைத்து அனுப்புவது பூஞ்சையையும் சேர்த்து அனுப்புவதாகும். கட்டி முடித்த பெட்டியை இலேசாக ஆட்டிப் பார்த்தால் உள்ளே எந்த அசைவும் கேட்கக் கூடாது.

பெட்டியை வாங்க நீங்களே போங்கள். இரு சக்கர வாகனத்தின் பின்னால் கயிற்றால் கட்டிக் கொண்டுவருவது, முந்நூறு கிலோமீட்டரில் படாத அதிர்ச்சியைக் கடைசி மூன்று கிலோமீட்டரில் கொடுத்துவிடும். பின்னால் ஒருவரை உட்கார வைத்து மடியில் ஏந்தி வரச் சொல்லுங்கள். அடைமுட்டைக் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு வைத்தால் இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டையாகாது என்று நம் பாட்டிமார் நம்பினார்கள். பார்சல் முட்டைக்கு வேகத்தடைதான் இடி. அதற்கு இரும்புத் துண்டு உதவாது.

முட்டை வருவதற்கு முன்பே இயந்திரம் ஓட வேண்டும்

பணம் அனுப்பிய அன்றே இயந்திரத்தை எடுத்துத் துடைத்து, வெறுமனே இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். மின்விசிறி உள்ள இயந்திரத்தில் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் நிற்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிருமாக இருக்கும் என்பதால், முட்டையின் மேல்மட்ட உயரத்தில் 38.3 முதல் 38.9 வரை வைக்க வேண்டும். தெர்மாகோல் பெட்டியில் குண்டு பல்பும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்தித் தாமே செய்துகொள்கிறவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள், அதில் தவறில்லை. பல்பு ஒன்றுக்கு இரண்டாகப் பொருத்துங்கள், நள்ளிரவில் ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அது போதிய சூடு தராது.

இயந்திரத்தின் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் இயந்திரத்தின் உணரியையும் அருகருகே நனைத்து, இரண்டும் ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பாருங்கள். அரை டிகிரி வேறுபட்டாலும் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப அமைப்பை மாற்றுங்கள். வெயிலும் காற்றும் நேராகப் படாத உள்ளறை மூலையே இயந்திரத்துக்கு ஏற்ற இடம்.

பெட்டி வந்த அன்று

பெட்டியைத் திறப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். உடைந்த முட்டைகளுக்காக விற்பவரிடம் பேச அது ஒன்றே ஆதாரம். உடைந்தவற்றின் கரு பட்டுப் பிசுபிசுத்த முட்டைகளை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, தனியே வையுங்கள். இரண்டு முட்டைகளை மெல்லத் தட்டினால் நல்ல ஓட்டுக்குக் கணீரென்ற ஒலியும் விரிசலுக்கு மங்கிய ஒலியும் வரும். மயிரிழை விரிசல் மட்டும் உள்ள, எளிதில் கிடைக்காத இன முட்டையாக இருந்தால் விரிசலின்மேல் உருகிய மெழுகைத் தடவிப் பார்க்கலாம். மற்ற விரிசல் முட்டைகளை இப்படிக் காப்பாற்ற வேண்டியதில்லை. உடைந்த முட்டை கெடாமல் இருந்தால் அதை ஒரு தட்டில் ஊற்றி, மேலே சொன்ன வளையம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து அறையை இருட்டாக்கி, கைப்பேசியின் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் ஒட்ட வைத்து, விரல்களால் ஒளிக்கசிவை மறைத்துக்கொண்டு காற்றறையைப் பாருங்கள். பார்சல் முட்டையின் கதை முழுவதும் அந்தக் காற்றறையில்தான் இருக்கிறது. ஓட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு சவ்வுகளுக்கு இடையே, அகன்ற முனையில் அது அமைந்திருக்கிறது. குலுக்கலில் உட்சவ்வு வெளிச்சவ்விலிருந்து பிய்ந்துவிட்டால் காற்றறை இடம் மாறத் தொடங்கும். முட்டையை மெல்லச் சாய்க்கும்போது காற்றறையின் விளிம்புக்கோடு முட்டையோடு சேர்ந்தே சாய்ந்தால் அது உறுதியாக இருக்கிறது. ஒரு பக்கமாகச் சேணம்போல வழிந்து இறங்கியிருந்தால் ஓரளவு சேதம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் குமிழி மேலே ஓடி வந்தால், கொத்தனாரின் ரசமட்டக் குமிழிபோல, அது முழுதாகப் பிரிந்துவிட்டது. பிரிந்தவற்றைத் தூக்கி எறிய வேண்டாம், அவற்றிலும் சில பொரிக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு குறி இட்டு வையுங்கள். உட்புறம் கலங்கி, மஞ்சள் கரு உருவமின்றிப் பரவியிருப்பதை மட்டும் அன்றே நீக்கிவிடலாம்.

பிறகு எல்லா முட்டைகளையும் கூர்முனை கீழேயும் அகன்ற முனை மேலேயுமாக அட்டைத் தட்டில் நிறுத்தி, அறையின் குளிர்ந்த மூலையில் 12 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் விட்டுவிடுங்கள். இந்த ஓய்வில்தான் காற்றறை மேலே வந்து நிலைகொள்கிறது, குலுங்கிய வெண்கரு அடங்குகிறது, முட்டையின் உள்சூடு அறையின் சூட்டோடு சமமாகிறது. ஏ.சி. வண்டியில் வந்த குளிர்ந்த முட்டையை உடனே வெதுவெதுப்பான இயந்திரத்துக்குள் வைத்தால் ஓட்டின்மேல் வியர்வை அரும்பி, அந்த ஈரத்தின் வழியே கிருமி உள்ளே போகும். கோடையில் அறையே 33, 34 டிகிரியில் கொதிக்கிறது என்றால் 24 மணி நேரம் காத்திருப்பது கருவை மேலும் நலியச் செய்யும். அப்போது பன்னிரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாட்கள்

கோழி முட்டையை நாளுக்குப் பலமுறை புரட்டிவிட வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் விதி. புரட்டாவிட்டால் கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளும், வெண்கருவை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும் இரத்தக்குழாய் வலையும் சரியாகப் பரவாது. அந்த விதியைப் பார்சல் முட்டைக்கு முதல் நாளிலிருந்தே பொருத்தினால், இன்னும் ஆறாத காற்றறையை மீண்டும் மீண்டும் கிளறிவிடுகிறோம். ஆகவே முதல் இரண்டு நாட்களுக்கு, காற்றறை மோசமாக இருந்தால் மூன்று நாட்களுக்கு, புரட்டவே கூடாது. மூன்றாம் நாளுக்கு மேல் தள்ளிப்போடவும் கூடாது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரையிலான காலத்தில்தான் புரட்டுதலின் பயன் மிகுதி.

சந்தையில் விற்கும் சிறிய தானியங்கி இயந்திரங்களில் முட்டைகள் உருளைகளின்மேல் படுத்த நிலையில் உருளும். பார்சல் முட்டைக்கு இது ஏற்றதல்ல. உருளைத் தட்டை வெளியே எடுத்துவிட்டு, காகிதக்கூழ் முட்டைத் தட்டின் அடியில் காற்றோட்டத்துக்காகத் துளையிட்டு, முட்டைகளைக் கூர்முனை கீழாக நிறுத்தி வையுங்கள். நான்காம் நாளிலிருந்து தட்டின் ஒரு முனைக்கு அடியில் மரக்கட்டை ஒன்றைச் செருகி 45 டிகிரி அளவுக்குச் சாய்த்து, சில மணி நேரம் கழித்து மறுமுனைக்கு மாற்றுங்கள். நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை என ஒற்றைப்படையில் மாற்றினால், நீண்ட இரவு ஒவ்வொரு நாளும் ஒரே சாய்வில் கழியாது. தாய்க்கோழியும் முட்டையை உருட்டிக்கொண்டே இருப்பதில்லை, அலகால் மெல்லத்தான் நகர்த்துகிறது.

நான்காம் நாள் முதல் பதினெட்டாம் நாள் வரை

இது பொறுமையின் காலம், செய்ய வேண்டியவை குறைவு. ஏழாம் நாள் இரவு ஒளியில் பாருங்கள். வளரும் முட்டையில் சிலந்தி வலைபோல் இரத்தக்குழாய்களும் நடுவில் ஒரு கரும்புள்ளியும் தெரியும். ஒன்றும் இல்லாமல் தெளிவாக இருப்பவற்றையும், சிவந்த வளையம் மட்டும் தெரிபவற்றையும் எடுத்துவிடலாம். வளையம் என்பது கரு சில நாள் வளர்ந்து இறந்ததன் அடையாளம். சந்தேகமானவற்றைப் பத்தாம் நாள் மீண்டும் பார்க்கும்வரை விட்டு வையுங்கள். நாற்றம் வரும் முட்டையை மட்டும் ஒரு மணி நேரம்கூட உள்ளே வைக்காதீர்கள். அது வெடித்தால் மற்றவையும் பாழாகும்.

ஈரப்பதத்தைப் பொதுவாக 50 முதல் 55 விழுக்காடு என்று சொல்வார்கள். காற்றறை குலைந்த முட்டைகளுக்கு நான் 45ஐ ஒட்டியே வைக்கிறேன். முட்டைக்குள் இருக்கும் நீர் வற்ற வற்றக் காற்றறை விரிந்து நிலைகொள்ளும். ஐப்பசி மழையில் சென்னையில் அறைக்காற்றே ஈரமாக இருக்கும்போது இயந்திரத்தின் நீர்க்கால்வாயைக் காலியாகவே விடலாம். மாசிக் காற்றில் சேலத்திலோ கோவையிலோ அதே இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். ஈரப்பத எண்ணைவிட முட்டையின் எடை நம்பகமானது. பதினெட்டாம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 விழுக்காடு இழக்க வேண்டும். 45 கிராம் முட்டைகள் பன்னிரண்டு சேர்ந்து 540 கிராம் என்றால், ஏழாம் நாள் 515 கிராமை ஒட்டியும் பதினெட்டாம் நாள் 475 கிராமை ஒட்டியும் நிற்க வேண்டும். எடை குறையவில்லை என்றால் தண்ணீரைக் குறையுங்கள், வேகமாகக் குறைந்தால் கூட்டுங்கள். இடையில் முட்டைகளை நீக்கினால் கணக்கையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மின்தடையைக் கண்டு பலர் பதறுகிறார்கள். சில மணி நேரக் குளிரைக் கரு தாங்கும், பொரிப்பு மட்டும் சற்றுத் தாமதமாகும். மிகைச் சூட்டைத்தான் அது தாங்காது, 40 டிகிரியைத் தாண்டிச் சற்று நேரம் நின்றாலே இழப்புத் தொடங்கிவிடும். மின்சாரம் போனால் மூடியைத் திறக்காமல் போர்வையால் சுற்றி, காற்றுத்துளையை மட்டும் விட்டு வையுங்கள். வீட்டில் அடைக்கோழி இருந்தால், நீண்ட மின்தடையில் அதைவிட நல்ல இன்வெர்ட்டர் கிடையாது.

கடைசி மூன்று நாட்கள்

பதினெட்டாம் நாளில் புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 விழுக்காடாக உயர்த்தி, மூடியை மூடிவிடுங்கள். சாதாரண முட்டைகளை இந்தக் கட்டத்தில் படுக்க வைப்பார்கள். காற்றறை குலைந்தவற்றை அட்டைத் தட்டிலேயே நின்ற நிலையில் பொரிக்க விடுவது பாதுகாப்பானது. குஞ்சு முதலில் காற்றறைக்குள் அலகை நுழைத்து மூச்சு விடத் தொடங்கும், பிறகு ஓட்டில் ஒரு சிறு துளை இடும். அந்தத் துளையிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். இந்த நேரத்தில்தான் கை துறுதுறுக்கும். மூடியைத் திறந்தால் ஈரம் வெளியேறி, சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் இறுகும். உதவப் போன கையே அதைக் கொன்றுவிடும். பிறந்த குஞ்சுகள் உள்ளிழுத்த மஞ்சள் கருவைக் கொண்டே இரண்டு நாள் வரை தீனியின்றி இருக்க முடியும் என்பதால், முதலில் பிறந்தவற்றுக்காக மூடியைத் திறக்க வேண்டிய கட்டாயமில்லை.

வேறு பறவைகளின் முட்டைகளை வரவழைப்பவர்கள் நாட்களை மாற்றிக்கொள்ள வேண்டும்: காடைக்கு 17 முதல் 18, கினிக்கோழிக்கு 26 முதல் 28, வாத்துக்கும் வான்கோழிக்கும் 28, மணிலா வாத்துக்கு 35. எதுவானாலும் பொரிக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே புரட்டுவதை நிறுத்த வேண்டும்.

உலர்ந்து பஞ்சுபோலான குஞ்சுகளை 35 டிகிரிச் சூட்டில் வைத்து, வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறையுங்கள். வெளியூர் முட்டையில் பிறந்தவற்றைப் பழைய மந்தையோடு உடனே கலக்காதீர்கள். வெள்ளைக் கழிச்சலுக்கான முதல் தடுப்பு மருந்தை ஏழு நாட்களுக்குள் கொடுக்க, கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பாருங்கள்

இருபத்து மூன்றாம் நாளும் அசைவில்லாத முட்டைகளைத் தூக்கி எறிகிறவர், தாம் கொடுத்த பணத்தின் பாதியை எறிகிறார் என்றே நான் நினைக்கிறேன். கையுறை அணிந்து, வீட்டுக்கு வெளியே, காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று, ஏழாம் நாள் எடுத்தவற்றை அன்றும் மற்றவற்றை இன்றுமாக ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். வளர்ச்சியின் சுவடே இல்லாமல் சிறு வெண்புள்ளி மட்டும் இருப்பவை கருவற்றவை. பெட்டியில் பாதி இப்படி இருந்தால் குறை விற்பவரின் சேவலிடம் இருக்கிறது, படத்தோடு அவரிடம் சொல்லுங்கள். முதல் நான்கு நாட்களில் இறந்தவை மிகுதியாக இருந்தால் பழைய முட்டை, வழியில் பட்ட சூடு, குலுக்கல் ஆகியவற்றில் ஒன்று காரணம். முழுதாக வளர்ந்த குஞ்சு நீர் கோத்து, காற்றறை சிறுத்து இறந்திருந்தால் ஈரப்பதம் மிகுந்துவிட்டது. சவ்வு காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரப்பதம் போதவில்லை, அல்லது மூடியைத் திறந்தீர்கள். கூர்முனைப் பக்கம் தலை வைத்து இறந்த குஞ்சுகள் காற்றறை குலைந்த முட்டைகளில் அடிக்கடி காணப்படும். முதல் நாள் பென்சிலால் இட்ட குறியோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். பிழைத்த குஞ்சுகள் எல்லாம் இருபதாம் நாளுக்கு முன்பே இறங்கியிருந்தால் இயந்திரம் சூடாக ஓடியிருக்கிறது, 22ஆம் நாளுக்குப் பிறகு இறங்கியிருந்தால் குளிர்ந்து ஓடியிருக்கிறது.

எண்ணிக்கையை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, உடைத்தவற்றை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். இயந்திரத்தின் தட்டுகளைச் சோப்பு நீரில் கழுவி, கிருமிநாசினியால் துடைத்து, முழு நாள் வெயிலில் காய வைத்த பிறகே அடுத்த பெட்டிக்குப் பணம் அனுப்புங்கள்.